பன்றிக்கு எந்தத் துப்பாக்கி?

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் காட்டோரக் கொல்லைக்காரர்களுக்கு இப்போ ஒரே பேச்சு காட்டுப்பன்றிதான். காய் பிடிச்ச வேர்க்கடலையை ஒரே ராத்திரியில் உழுதுட்டுப் போகுது. கைத்துப்பாக்கியின் .44 மேக்னம் தோட்டாவையே போட்டுச் சுடும் அமெரிக்க ரைஃபிளை யூடியூபில் பார்த்துவிட்டு, "அதுக்கு லைசென்ஸ் கேட்டா என்ன சார்?" என்கிறார்கள் இளைஞர்கள்.

அங்கே அது பழைய வழக்கம். 1873 வின்செஸ்டர் காலத்திலிருந்தே இடுப்புத் துப்பாக்கிக்கும் தோள் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா. நூறு கெஜத்துக்குள் பன்றிக்குப் போதும். ஆனால் நம் 1959 ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்குச் சொல்வது, குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை; அது போதாவிட்டால் உள்வரியில்லாத நீளக்குழல். ரைஃபிள் அந்தப் பேச்சிலேயே இல்லை. லைசென்ஸ் இருந்தாலும் பன்றியைச் சுட வனவிலங்குச் சட்டம் விடாது. குறி தப்பிய குண்டு ஒரு கிலோமீட்டர் தாண்டியும் போகும். நம்ம கொல்லைக்கு அந்தாண்டை ஷூ கம்பெனிப் பெண்கள் ஷிப்ட் முடிஞ்சு வர்ற ரோடு!

துப்பாக்கியை விடுங்க, 2025 ஜனவரி அரசாணையைப் பாருங்க. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையே சுடும், 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடும், 1 கி.மீ.க்குள் சுடவே கூடாது. அதிகம் அழிவது அங்கேதானே? அந்த ஒரு கிலோமீட்டருக்கு நஷ்ட ஈடு உடனே வரணும் என்பதுதான் என் கட்சி. கடன் மனு பார்த்தே தலை நரைத்தவன் சொல்றேன்: சர்வே நம்பர், தேதி, போட்டோ மூணும் இல்லாம மனு கொடுக்காதீங்க.