கூட்டுக் குடும்பத்துச் சட்டம்

பிரயாணத்தில் சந்தோஷம் பாதி, கவலை பாதி என்பதைக் குடும்பம் நடத்துகிற பெண்மணிகளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பதிக்குப் போனாலும் சரி, பாரிஸுக்குப் போனாலும் சரி, பெட்டி கட்டுவதிலிருந்து பால்காரனிடம் சொல்லி நிறுத்துவது வரையில் எல்லாம் உங்கள் தலையில்தான் விடிகிறது. இப்போதோ, சென்னையிலும் கோவையிலும் அநேகக் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு ஐரோப்பாவுக்கே போய் வருகின்றன. பத்து நாளில் ஏழு தேசம்! காலைப் பலகாரம் ஒரு தேசத்தில். மத்தியானச் சாப்பாடு இன்னொரு தேசத்தில். எல்லையில் பஸ் அநேகமாக நிற்பதுகூடக் கிடையாது.

இந்த அதிசயம் எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் மேல் ஒருவர் படையெடுத்த தேசங்கள் அவை. அவை கூட்டுக் குடும்பமாகச் சேர்ந்து ஒரே சட்டத்தை எழுதிக்கொண்ட கதையைத் தெரிந்துகொண்டால், நம் பணத்தையும் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ளலாம்.

லக்ஸம்பர்க் தேசத்தில் மொஸெல் நதிக்கரையில் ஷெங்கன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த கிராமம். லக்ஸம்பர்க், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் அங்கேதான் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. 1985 ஜூன் 14-ஆம் தேதி அந்த நதியில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து தேசத்துப் பிரதிநிதிகள் கூடி, தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிடுவது என்று கையெழுத்துப் போட்டார்கள். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் ஆகியவை அந்த ஐந்து.

கையெழுத்துப் போட்டவுடனே கதவு திறந்துவிடவில்லை. 1995 மார்ச் 26-ஆம் தேதிதான் ஏழு தேசங்களுக்கு நடுவே சோதனை நின்றது. ஏன் இத்தனை தாமதம் என்று கேட்பீர்கள். ஒரே வீட்டில் நாலு குடித்தனம் இருக்கிறது என்று வையுங்கள். நடுக்கதவுகளையெல்லாம் எடுத்துவிட்டால், அடுத்த குடித்தனக்காரர் தம் வாசல் கதவை ஒழுங்காகத் தாழ்ப்பாள் போடுகிறாரா என்பது நம் கவலையாகவும் ஆகிவிடுகிறது அல்லவா? யாரை உள்ளே விடலாம், யாருக்கு விஸா கொடுக்கலாம், போலீஸார் ஒருவருக்கொருவர் எப்படித் தகவல் சொல்வது என்று எல்லாவற்றுக்கும் ஒரே விதி எழுத வேண்டியிருந்தது. இன்று அந்தக் குடும்பத்தில் 29 தேசங்கள். கடைசியாக, 2025 ஜனவரி முதல் தேதியன்று பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்தன.

வாசல் திறந்தால் மட்டும் போதுமா? வீட்டுக்கு வருகிற விருந்தாளியின் பணத்துக்கு யார் ஜவாப்தாரி? இங்கேதான் விஷயம் ருசிகரமாகிறது.

டூர் என்பது விசித்திரமான வியாபாரம். புடவை வாங்கினால் தொட்டுப் பார்த்து, பிரித்துப் பார்த்து, அப்புறம்தான் பணத்தை எடுக்கிறோம். டூருக்கோ பணம் முன்னாலே. சரக்கு இரண்டு மாதம் கழித்து, அதுவும் அந்நிய தேசத்தில். நடுவில் டூர் நடத்துகிறவர் திவாலாகிவிட்டால்? இதை உத்தேசித்து 1990-இல் ஐரோப்பிய தேசங்கள் ஒரு பொதுச் சட்டம் செய்தன. விமானமும் ஹோட்டலும் சேர்த்து டூர் விற்கிறவர், தாம் நொடித்துப் போனாலும் பிரயாணியின் பணம் திரும்பக் கிடைக்கவும், பிரயாணி ஊர் திரும்பவும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1992 முடிவதற்குள் ஒவ்வொரு தேசமும் இதைத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள்.

ஜெர்மனி அந்தக் கெடுவைத் தவறவிட்டுவிட்டது. 1993-இல் அங்கே டூர் கம்பெனிகள் சில திவாலாயின. பணம் கட்டிவிட்டுக் கிளம்ப முடியாமல் நின்றவர்கள் சிலர். போன இடத்தில் அகப்பட்டுக்கொண்டு, சொந்தச் செலவில் ஊர் திரும்பியவர்கள் சிலர். இவர்கள் கம்பெனியை விட்டுவிட்டு ஜெர்மன் சர்க்கார் மேலேயே வழக்குத் தொடுத்தார்கள். "காலத்தில் சட்டம் செய்திருந்தால் எங்கள் பணம் போயிருக்காதே!" என்பது அவர்கள் கட்சி. 1996 அக்டோபர் 8-ஆம் தேதி லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று: கெடுவுக்குள் சட்டம் செய்யாத சர்க்கார் நஷ்டத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்! சாதாரணக் குடும்பஸ்தர்கள் ஒரு சர்க்காரையே மடக்கிவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தைப் புதுப்பித்து, 2018 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் சில ஷரத்துக்களைக் கேட்டால் உங்களுக்கே ஆசையாக இருக்கும். பேசின விலையை நூற்றுக்கு எட்டுக்கு மேல் ஏற்றினால், பிரயாணி அபராதமில்லாமல் டூரை ரத்துச் செய்யலாம். புறப்பட இருபது நாளைக்குள் விலையை ஏற்றவே கூடாது. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லையா? ஏழு நாள் முன்னதாகத் தெரிவித்தால், அவர் இடத்தை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். புயலோ எரிமலையோ வந்து ஊர் திரும்ப முடியாமற் போனால், மூன்று இரவு வரையில் தங்கும் செலவு டூர்காரருடையது. கர்ப்பிணிகளுக்கு இந்த மூன்று இரவு வரம்பும் கிடையாது; விஷயத்தை மட்டும் 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும். சட்டம் எழுதினவர்களில் யாரோ ஒரு நல்ல பெண்மணி இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது!

ஆனால் ஒரே சமையல் குறிப்பை நாலு வீட்டுக்குக் கொடுத்தால் நாலு விதமான சாம்பார்தானே வரும்? 2019 செப்டம்பரில் அது தெரிந்தது. 1841 முதல் பெயர் பெற்றிருந்த பிரிட்டனின் தாமஸ் குக் கம்பெனி ஒரே இரவில் விழுந்தது. (இந்தியாவில் அதே பெயரில் நடக்கும் கம்பெனி 2012-லேயே வேறு கைக்கு மாறிவிட்டது; அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அப்போது வெளிநாடுகளில் இருந்த சுமார் 1,50,000 பிரிட்டிஷ் பிரயாணிகளை அந்த நாட்டு விமானத்துறை அதிகாரிகள் விமானங்களை அமர்த்திக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஜெர்மனியில் வேறு கதை. அங்கே இன்ஷூரன்ஸ் தொகைக்கு வருஷத்துக்கு 11 கோடி யூரோ என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. நஷ்டமோ அதைத் தாண்டிப் போய்விட்டது. மிச்சத்தைத் தானே ஈடு செய்வதாக சர்க்கார் அந்த டிசம்பரில் அறிவிக்க வேண்டி வந்தது. அப்புறம் 2021-இல் தனி நிதியே ஏற்படுத்தினார்கள்.

"இதெல்லாம் அவர்கள் சமாசாரம், நமக்கு என்ன?" என்று கேட்கிறீர்கள். வாஸ்தவமான கேள்வி. நீங்கள் சென்னையில் ஒரு கம்பெனியிடம் பணம் கட்டி வாங்குகிற டூருக்கு மேலே சொன்ன சட்டம் துணைக்கு வராது. ஆனால் விமானத்துக்கு அங்கே வேறொரு சட்டம் இருக்கிறது. 2005 முதல் அமலில் இருப்பது. ஐரோப்பிய ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து கிளம்புகிற எந்த விமானத்துக்கும், அதில் ஏறுகிற எந்த நாட்டுப் பிரயாணிக்கும் அது பொருந்தும். கம்பெனியின் குறையால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை நஷ்டஈடு கேட்கலாம். காத்திருக்கும்போது சாப்பாடும், இரவாகிவிட்டால் தங்க இடமும் கொடுக்க வேண்டும். ஆகையால் போர்டிங் கார்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

விஸா விஷயத்திலும் ஒரே விதியால் நமக்கு லாபம். 29 தேசத்துக்கும் ஒரே விஸா. எந்தத் தேசத்தில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அதனிடம் மனுச் செய்ய வேண்டும். எல்லாம் சமமென்றால் முதலில் நுழைகிற தேசத்திடம். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. 6 வயது முதல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாதி, அதற்கும் சிறியவர்களுக்கு இல்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ் வேண்டும். சில தேசங்கள் அவ்வப்போது எல்லையில் தற்காலிகச் சோதனை போடுவதுண்டு; ஆகவே பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டாமல் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

ஹோட்டல் நட்சத்திரத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2009-இல் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்ஜர்லாந்து முதலிய ஏழு தேசங்களின் ஹோட்டல் சங்கங்கள் சேர்ந்து பொது அளவுகோல் ஒன்று செய்தன. பிறகு இன்னும் சில சேர்ந்தன. பிரான்ஸும் இத்தாலியும் தங்கள் வழியிலேயே போகின்றன. ஓர் ஊர் மூன்று நட்சத்திரமும் இன்னோர் ஊர் மூன்று நட்சத்திரமும் ஒன்றல்ல.

நம் அக்கம்பக்கத்தைப் பார்த்தால் பெருமூச்சுத்தான் வருகிறது. ஷெங்கனில் கையெழுத்தான அதே 1985-இல்தான் டாக்காவில் நம் தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பும் பிறந்தது. 1992-இல் விஸா இல்லாமல் போய்வர ஒரு திட்டமும் செய்தார்கள். ஆனால் நீதிபதிகள், பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் போன்ற குறிப்பிட்ட சில வகையினருக்குத்தான் அது. இட்டிலிப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்புகிற நம் போன்ற குடும்பங்களுக்கு அதில் இடமில்லை. நேபாளத்துக்கு நாம் விஸா இல்லாமலே போகலாம். மற்ற இடங்களுக்கெல்லாம் தனித்தனி விதி.

சரி, டூருக்குப் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். விலை ஏறினால் யார் தலையில்? ரத்துச் செய்தால் எத்தனை திரும்பும்? நீங்களே டூரை நிறுத்திவிட்டால் என் பணம் எங்கே இருக்கும்? ஜவாபுகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். அப்போது கைகொடுப்பது அந்தக் காகிதம்தான். அதை மளிகைக் கணக்கு நோட்டில் சொருகிவிடாமல், நகைப் பெட்டியில் வையுங்கள்.