இசைத்தட்டும் தூசியும்

வீட்டில் இசை கேட்போர் தம் தட்டுக்களை ஆய்வுகூடத்துக் கண்ணாடிபோல் விளக்கவேண்டுவதில்லை என்பது எமது துணிபு. வினைல் தட்டு உராய்வினால் மின்னேற்றம் பெற்றுத் தூசியை ஈர்க்கும். அத்தூசி ஊசிமுனையில் அகப்பட்டுத் தட்டின் வரிப்பள்ளத்தைத் தேய்க்கும். ஆதலின், கேட்குமுன் மெல்லிய தூரிகையால் ஒருமுறை தடவுதல் போதும். விரலடையாளமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலன்றி ஈரம் வேண்டா. இடையிடையே எழும் சிறு வெடிப்பொலியைச் செவி விரைவில் மறந்துவிடும்.

எமக்கு அச்சந்தருவது துப்புரவில் மிகையார்வங் கொண்டோரின் கையே. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுக்களிற் பெரும்பாலன அரக்கினால் ஆயவை. வினைலுக்குரிய மதுசாரக் கலவையை அவற்றின்மேற் பூசினால் அரக்குக் கரையும்; இராசரத்தினம்பிள்ளையின் தோடியும் உடன் கரையும். பாட்டனார் பேணிய தட்டைத் துலக்கப் புகுவோர் முதலில் அதனைக் கையிலெடுத்துப் பார்ப்பாராக. கனத்து, வளையாதிருப்பின் உலர்ந்த தூரிகையோடு நிற்பாராக.