தம் பாட்டைத் தாமே திருடியவர்

ஒருவர் தாம் இயற்றிய பாட்டைத் தாமே திருடினார் என்று வழக்குத் தொடர முடியுமா? பதிப்புரிமை பற்றி வகுப்பிலே பேச்செழுந்தபோது மாணவன் ஒருவன் எம்மிடம் இவ்வாறு வினாவினான். வேடிக்கையாகவே வினாவினான். முடியும் என்றும், அமெரிக்காவில் அப்படியொரு வழக்கு நடந்தேயிருக்கிறது என்றும் நாம் கூறியபோது வகுப்பு முழுதும் நிமிர்ந்து அமர்ந்தது. அன்று மணியடித்துவிட்டமையால் கூறாது விட்ட கதையை இவ்வாரம் கூறுகின்றோம்.

கலிபோர்ணியா மாநிலத்திலே, சான் பிரான்சிஸ்கோ நகருக்கு அணித்தாக எல் செரிற்றோ என்றோர் ஊருண்டு. அவ்வூர்ப் பாடசாலையிலே 1959ஆம் ஆண்டில் ஜோன் போகர்ட்டி, ஸ்ரூ குக், டக் கிளிபோர்ட் என்னும் மூன்று சிறுவர் கூடி வாத்தியம் வாசிக்கத் தொடங்கினர். ஜோனின் தமையனார் ரொம் பின்னர் அவர்களுடன் சேர்ந்தார். தொடக்கத்திலே முன்னின்று பாடியவர் தமையனாரே. தம்பியின் கரகரத்த குரல் வலுப்பெற்றபின் அவர் விலகி நின்று துணைக் கிற்றார் வாசிப்பவரானார். பின்னாளிற் கிளர்ந்த பிணக்குக்கு வித்து இங்கேதான் விழுந்தது போலும்.

1964இல் பான்ரசி என்னும் இசைத்தட்டுக் கம்பனி இவர்களைச் சேர்த்துக்கொண்டது. 1967இல் அக்கம்பனி சோல் சான்ற்ஸ் என்பவர் கைக்கு மாறிற்று. குழுவினரும் ‘கிறீடன்ஸ் கிளியர்வோட்டர் றிவைவல்’ என்னும் நீண்ட பெயரைச் சூடிக்கொண்டனர். ஜோன் இயற்றும் பாடல்களின் பதிப்புரிமை கம்பனியைச் சேரும் என்பது ஏற்பாடு. இருபது வயதளவில் ஒப்பந்தத்தை வரிக்கு வரி வாசித்துக் கையொப்பமிடுவார் எத்தனை பேர்?

அதன்பின் வந்தது பெருவெள்ளம். 1968 நடுப்பகுதி முதல் 1970 முடிவுவரை ஆறு நெடுந்தட்டுகள். அவற்றுள் மூன்று 1969 என்ற ஒரே ஆண்டில் வெளியாயின. லூசியானாவின் சதுப்பு நீர்நிலைகளையும் மிசிசிப்பி ஆற்றுப் படகுகளையும் அவர் பாடியதைக் கேட்டோர், இவர் தென்மாநிலத்தவரே என்று நம்பினர். அவரோ கலிபோர்ணியாவிற் பிறந்து வளர்ந்தவர். ‘பிறவுட் மேரி’ என்ற பாட்டு, அவர் இராணுவச் சேமப்படையிலிருந்து விடுவிக்கப்பட்ட மகிழ்ச்சியிற் பிறந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தப்பிக்கொள்ள ஏழை வீட்டுப் பிள்ளைகளே வியற்நாம் போருக்குப் போகவேண்டியிருந்த அநீதியை ‘போர்ச்சுனேற் சன்’ என்னும் பாட்டிலே சினந்து பாடினார். அமெரிக்க விற்பனை வரிசையில் இவர்களுடைய தனிப்பாட்டுத் தட்டுகள் ஐந்துமுறை இரண்டாம் இடம்வரை ஏறின. அவ்வரிசையில் முதலிடம் அவற்றுக்கு ஒருமுறையேனும் வாய்க்கவில்லை. அதனால் எவரும் அவற்றை மறந்துவிடவுமில்லை.

பாட்டு எழுதுதல், பாடுதல், ஒலிப்பதிவை நெறிப்படுத்தல், அலுவல்களைக் கவனித்தல் யாவும் ஜோன் ஒருவர் கையிலேயே இருந்தன. மற்றையோர் மனம் புழுங்கினர். 1971இன் தொடக்கத்திலே ரொம் விலகினார். எஞ்சிய மூவரும் பாடல்களைத் தம்முட் பங்கிட்டு 1972இல் ஒரு தட்டு வெளியிட்டனர், அது சோபிக்கவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரிற் குழு கலைந்தது.

ஆனால் ஒப்பந்தம் கலையவில்லை. அதிலிருந்து விடுபடும் பொருட்டு ஜோன், பழைய தட்டுகளிலிருந்து தமக்கு வரவேண்டிய வருமானப் பங்கையே விட்டுக்கொடுத்தார். பின்னர் தம் பழைய பாடல்களை மேடையிற் பாடுவதையும் நிறுத்திக்கொண்டார். தாம் பாடினால் பதிப்புரிமைப் பணம் சான்ற்ஸிடமே போகும் என்பது அவர் மனக்கொதிப்பு. தம் பிள்ளையைத் தாமே பெயர்சொல்லி அழையாதிருந்த தந்தைபோல ஆண்டுகள் பல கழித்தார்.

1985இல் அவர் வெளியிட்ட புதிய தட்டு விற்பனையில் முதலிடம் பெற்றது. உடனே எழுந்தது நாம் முதலிற் குறித்த வழக்கு. அத்தட்டிலுள்ள ‘த ஓல்ட் மான் டவுண் த றோட்’ என்னும் பாட்டு, 1970இல் அவரே இயற்றிய ‘றண் துறூ த ஜங்கிள்’ என்பதன் படியே என்றது கம்பனி. பழைய பாட்டின் உரிமை கம்பனியுடையது. ஆகவே களவு, களவே! 1988இல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்திலே ஜோன் கிற்றாருடன் சாட்சிக்கூண்டில் ஏறினார். தாம் பாட்டுக் கட்டும் விதத்தை யூரிமார் முன்னிலையில் வாசித்தே காட்டினார். ஒருவருக்குரிய நடை வேறு, ஒரு குறிப்பிட்ட பாட்டு வேறு என்பதே அவர் வாதம். யூரிமார் அவர் பக்கமே தீர்ப்பளித்தனர்.

வினா எழுப்பிய மாணவனுடைய கைப்பேசியில் இரண்டு பாட்டுகளையும் நாமும் கேட்டோம். தொண்டை ஒன்று, நடையும் ஒன்று, பாட்டு மாத்திரம் இரண்டு என்றே எமக்கும் பட்டது.

வழக்குச் செலவை யார் கொடுப்பது என்ற கேள்வி நாட்டின் உயர் நீதிமன்றம்வரை சென்றது. பதிப்புரிமை வழக்கில் வென்றவர் வழக்காளியாயினும் எதிரியாயினும் செலவு வழங்குவதில் ஒரே அளவுகோலே வேண்டும் என்று 1994இல் அந்நீதிமன்றம் ஒருமுகமாகக் கூறியது. அதன்பயனாக ஜோனுக்கு 13 இலட்சம் டொலருக்கு மேற் கிடைத்தது. சட்டம் பயிலும் மாணவர் இன்றும் இவ்வழக்கைப் படிக்கின்றனர்.

பாடாதிருந்த நோன்பை அவர் முறித்ததும் அக்காலத்திலேதான். 1987 ஜூலை 4ஆம் நாள், வாஷிங்ரன் நகருக்கு அருகில், வியற்நாம் போரிலிருந்து மீண்ட படைவீரர்க்காக நடந்த நிகழ்ச்சியிலே பழைய பாடல்களைப் பாடினார். 2004இல் பான்ரசி வேறொரு கம்பனியின் வசமானது. புதிய உரிமையாளர் விட்டுப்போன வருமானப் பங்கை அவருக்கு மீள வழங்கினர். 2023 ஜனவரியில், எழுபத்தேழாம் வயதில், அப்பாடல்களின் பதிப்புரிமையிற் பெரும்பங்கை அவர் விலைகொடுத்து வாங்கினார்.

சகோதரர் பிணக்கு மட்டும் தீரவில்லை. சான்ற்ஸோடு நடந்த சச்சரவில் தமையனார் தம் பக்கம் நிற்கவில்லை என்பது தம்பியின் மனத்தாங்கல். ரொம் 1990இல் காலமானார். மூன்றாண்டின் பின் றொக் இசையாளர் புகழ்மண்டபத்திலே குழுவுக்குப் பெருமை செய்தபோது, குக்கும் கிளிபோர்டும் சபையிலே அமர்ந்திருந்தனர்; ஜோன் வேறு வாத்தியக்காரரை அழைத்து, அவர்களுடன் நின்று பாடினார்.