இணையத்தில் நமக்கொரு சொந்த மனை!



அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ ஒரு கடை திறப்பதென்றால் நாம் எத்தனை விஷயங்களை யோசிக்கிறோம்! இடம் யார் பெயரில் இருக்கிறது? அட்வான்ஸ் எவ்வளவு? ஒப்பந்தம் எத்தனை வருடம்? பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர் கண்ணில் கடை படுமா? கல்லாவில் யார் உட்காருவது? இத்தனையும் வீட்டுப் பெரியவர்களோடு மஷூரா செய்த பிறகே முன்பணம் கொடுக்கிறோம்.

அதே நாம் இணையத்தில் கடை திறக்கும்போது மட்டும் எதையும் கேட்பதில்லை. "நம்ம பையன் ஒருத்தன் பண்ணித் தர்றேன்னு சொன்னான்" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஜமாஅத்துகளும் சங்கங்களும் இயக்கக் கிளைகளும் இதில் வியாபாரிகளுக்குச் சளைத்தவை அல்ல!

விளைவு என்ன? திறப்பு விழாப் படத்தோடு நின்றுபோன தளங்கள். மூன்று நிர்வாகங்களுக்கு முந்தைய தலைவரின் பெயர். அழைத்தால் எடுக்க ஆளில்லாத தொலைபேசி எண். இப்படி ஒரு தளம் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்!

"வாட்ஸ்அப் குழு இருக்கிறது, முகநூல் பக்கம் இருக்கிறது. தனியாகத் தளம் எதற்கு?" என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. அவையெல்லாம் வாடகை மனை என்பதை மறந்துவிடக் கூடாது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அதையே நம்பி வாடிக்கையாளரைச் சேர்த்தவர்கள் ஒரே இரவில் அத்தனை பேரையும் இழந்தார்கள். சிறு வியாபாரிகளுக்கு இலவசமாக இணையப் பக்கம் கொடுத்து வந்த கூகுள் நிறுவனம், 2024 மார்ச்சில் அந்தப் பக்கங்களை நிறுத்திவிட்டது. இனாமாக வந்தது இனாமாகவே போயிற்று! கூட்டம் கூடுகிற இடத்தில் நாமும் நிற்க வேண்டும்தான். ஆனால் திரும்பி வர நமக்கென்று சொந்த வாசல் ஒன்று வேண்டாமா?

முதலாவது கேள்வி: தளம் யார் பெயரில் இருக்கிறது? இணைய முகவரியைத்தான் டொமைன் என்கிறார்கள். நம் மனைக்குப் பத்திரம் எப்படியோ, தளத்துக்கு டொமைன் அப்படி. பல ஊர்களில் இந்தப் பத்திரம் தளம் செய்து கொடுத்தவரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் கிடக்கிறது. அவர் துபைக்குப் போய்விட்டால் சாவியும் துபைக்குப் போய்விடுகிறது! காலத்தில் புதுப்பிக்காவிட்டால், அவகாசம் முடிந்ததும் அந்த முகவரியை வேறு எவரும் வாங்கிக்கொள்ளலாம். நேற்று வரை மதரஸாவின் பெயரில் இருந்த முகவரியில் நாளை சூதாட்ட விளம்பரம் வந்தால் யாரைக் குற்றம் சொல்வது?

ஆகவே டொமைனை வியாபாரி தம் பெயரிலும், அமைப்பு தன் பெயரிலும் பதிய வேண்டும். அதற்கு ஓராண்டுக்கு ஆகும் தொகை, ஒரு பெரிய ப்ளெக்ஸ் பேனருக்கு நாம் கொடுப்பதைவிடக் குறைவுதான். ஜமாஅத் என்றால் முகவரி, புதுப்பிக்கும் தேதி, பொறுப்பாளர் யார் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும். நிர்வாகம் மாறும்போது பள்ளிவாசல் சாவியைக் கொடுப்பதுபோல் இதையும் ஒப்படைக்க வேண்டும். இது அமானிதம்.

இரண்டாவது: யாருக்காக இந்தத் தளம்? 1990களின் கடைசியிலேயே காயல்பட்டினத்துச் சகோதரர்கள் தங்கள் ஊர்ப் பெயரில் இணையதளம் தொடங்கினார்கள். கடல் கடந்து பிழைக்கும் ஊர்க்காரருக்கு ஊர்ச் செய்தி சேர வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது. நம் மாவட்டத்திலும் கோட்டைப்பட்டினம், மீமிசல், கோபாலப்பட்டினம், அம்மாபட்டினம் என்று கடலோர ஊர்களிலிருந்து மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா சென்றவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு வேண்டியது ஜனாஸா அறிவிப்பும் பள்ளிவாசல் வரவு செலவும். நிர்வாகிகளுக்குப் பொன்னாடை போர்த்திய படங்கள் அல்ல.

கடைக்கு வருகிறவருக்கு வேண்டியது இன்னும் சுருக்கமானது. என்ன கிடைக்கும், என்ன விலை, கடை எங்கே, எப்போது திறப்பீர்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எத்தனை மணிக்கு அடைப்பீர்கள், யாரைக் கூப்பிடுவது? இவை முதல் பக்கத்திலேயே, கைப்பேசித் திரையில் தெரிய வேண்டும். இன்று பெரும்பாலோர் பார்ப்பது கைப்பேசியில்தான். நோட்டீஸை அப்படியே படமாக ஏற்றாதீர்கள். எழுத்தை எழுத்தாகவே, யூனிகோடு தமிழில் ஏற்றுங்கள். அப்போதுதான் தமிழில் தேடுகிறவர் கண்ணில் எளிதாகப் படும். ஆளுக்கொரு எழுத்துருவில் செய்த பழைய தளங்கள் இன்று வெறும் கிறுக்கலாகத் தெரிவதைப் பார்க்கிறோமே! 2010இல் தமிழக அரசே யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: உண்மை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் கண்டு, அந்த வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகி இருக்கிறது. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே அந்தக் கண்டிப்பின் சாரம். இணையத்தில் வாங்குகிறவரோ குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்கவே முடியாதவர்! அப்படியானால் ஈரத்தை மேலே வைக்கும் கடமை நமக்கு இரு மடங்கு அல்லவா? கருவாடு என்றால் எப்போது காய்ந்தது, அரிசி என்றால் புதியதா பழையதா என்று எழுதுங்கள். உம்ரா பயணம் நடத்துகிறவர் 'ஹரமுக்கு அருகில்' என்று மொட்டையாக எழுதாமல் எத்தனை மீட்டர் என்று எழுதட்டும்.

சட்டமும் இதையே கேட்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, தளம் வைத்துப் பொருள் விற்கும் நிறுவனம் தன் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைகேட்கும் அலுவலரின் பெயர் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அமைப்புகளுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பைத்துல்மால் உதவி பெறும் ஏழையின் முகத்தைப் படம் பிடித்துத் தளத்தில் போடாதீர்கள். கணக்கை வெளியிடுங்கள், கண்ணீரை வெளியிடாதீர்கள்! இரண்டு, நன்கொடைப் பக்கம். இந்தியக் குடிமகனாக இருந்து வெளிநாட்டில் உழைப்பவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். ஆனால் மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட மாமாவின் பணம் வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இது தெரியாமல் வங்கிக் கணக்கு எண்ணைத் தளத்தில் போட்டு வைத்தால், நல்லெண்ணமே வழக்காகி நிற்கும்.

ஆவணம் ஒழுங்காக இல்லாத சமுதாயம் என்ன பாடுபடும் என்பதை 2025இல் கண்ணால் பார்த்தோம். வக்ஃப் திருத்தச் சட்டத்தின்படி 'உமீத்' தளம் ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. அதில் சொத்து விவரங்களை ஏற்ற ஆறு மாத அவகாசம் தந்தபோது, நாடெங்கும் முத்தவல்லிகள் பத்திரங்களைத் தேடி அலைந்தார்கள். அந்தச் சட்டத்தை நாம் எதிர்க்கிறோம் என்பது வேறு விஷயம். நம் அலமாரி ஒழுங்காக இருக்க வேண்டியது நம் கடமை. சொந்தத் தளம் அமைக்க உட்காரும் ஜமாஅத், அந்தச் சாக்கிலாவது தன் சொத்துப் பட்டியலையும் கணக்கையும் ஒழுங்கு செய்துவிடும்.

கடைசியாக, யார் பார்த்துக்கொள்வது? மாதம் ஒருநாள் குறித்து, விலை சரியா, எண் சரியா, நிர்வாகிகள் பெயர் சரியா என்று பார்க்கும் ஒருவரை நியமிக்காமல் தளத்தைத் திறக்காதீர்கள்.

இளைஞர்களே! கணினி படித்துவிட்டு வேலை தேடி அலைகிறீர்கள். உங்கள் மஹல்லாவின் பத்துக் கடைகளில் இருந்து தொடங்குங்கள். வியாபாரிகளே! தச்சருக்கும் கொத்தனாருக்கும் கூலி கொடுக்கிறீர்கள். 'நம்ம பையன்தானே' என்று இந்த உழைப்பை மட்டும் ஓசியில் கேட்காதீர்கள். கூலி கொடுத்தால் அவன் பொறுப்போடு செய்வான், ஊரிலேயே தங்குவான். உங்கள் சாவியும் ஊரிலேயே இருக்கும்.

இன்ஷா அல்லாஹ், நம் மாவட்டத்தின் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு மஹல்லாவும் இணையத்தில் சொந்த மனையில், சொன்ன சொல் மாறாமல் நிற்கட்டும். வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக!