ஆடாத ஆட்டத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்

ஹோம்புஷில் வளர்ந்த ஆட்களுக்கு இது தெரியும். ஒலிம்பிக் பார்க் ஸ்டேடியத்தில் பெரிய மற்ச் இருக்கிற நாளில் வீட்டு வாசலிலேயே கார் விட இடம் கிடைக்காது. அப்பா வேலையால் வந்து இரண்டு தெரு தள்ளிக் காரை விட்டுவிட்டு, "இண்டைக்கு எந்த ஃபுட்போல்?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். நியாயமான கேள்வி. சிட்னியில் ஃபுட்போல் என்றால் நாலு விளையாட்டு. ரக்பி லீக், ரக்பி யூனியன், ஏஎஃப்எல், கடைசியாக எங்கள் ஊர் ஆட்கள் சொல்கிற உதைபந்தாட்டம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் அசையமுடியாமல் இருந்த நேரம், தம்பி ஒரு சண்டையைத் தொடக்கினான். "எங்கட வீட்டுக்கு ஒரு ஹோல் ஒஃப் ஃபேம் போடுவம். பதினொரு பேர்தான். அவுஸ்திரேலிய ஆக்கள். எந்த ஃபுட்போலும் பரவாயில்லை." மாமி மரக்கறி வாங்கின பில்லைத் திருப்பி வைத்து எழுதத் தொடங்கினோம். அது ஐந்து மணித்தியாலச் சண்டை. அதில் நான் எந்தப் பக்கம் நின்றேன், ஏன் நின்றேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு என்னை ஒருவரும் முழுதாகக் கதைக்க விடவில்லை.

முதல் பெயர் ஜோன் அலோய்சி. எழுதச் சொன்னது மாமா. 2005 நவம்பர் 16, உருகுவேக்கு எதிரான ஆட்டம், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய அந்த ஸ்டேடியம். அலோய்சி கடைசிப் பெனல்டியை அடித்து, மேற்சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினார். 1974க்குப் பிறகு, 32 வருடங்கள் கழித்து, அவுஸ்திரேலியா உலகக் கோப்பைக்குப் போனது. எனக்கு அப்போது இரண்டு வயது. அந்தச் சத்தத்தில் நான் எழும்பி அழுதேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா.

நான் சொன்னது: அந்த இரவு அலோய்சிக்கு முன்னால் மார்க் ஷ்வார்சருக்குச் சேரவேண்டியது. உருகுவேயின் இரண்டு பெனல்டிகளை அவர் தடுத்திராவிட்டால் அலோய்சி அடித்த பந்துக்கு அர்த்தமே இல்லை. அதோடு அவர் நாட்டுக்காக ஆடியது 109 ஆட்டங்கள். கோல் காப்பாளரை ஒருவரும் சுவரொட்டியில் போடுவதில்லை என்பது வேறு கதை. மாமா "உனக்கு விசர்" என்றார். கடைசியில் இரண்டு பெயரையும் எழுதினோம்.

பிறகு கொஞ்ச நேரம் சுலபமாகப் போனது. டிம் கேஹில், 108 ஆட்டங்களில் 50 கோல், கதையே இல்லை. அந்த 50ஐத் தாண்டிய சாம் கேர், அதற்கும் கதை இல்லை. 2023 ஓகஸ்ட் 16 இரவு இங்கிலாந்துக்கு எதிராக அவ தூரத்திலிருந்து அடித்த அந்தக் கோல் வலைக்குள் போனபோது ஸ்டேடியத்துக்குள் 75,784 பேர். எங்கள் தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டது. தோற்றுப்போனோம், 3-1. அதனால் என்ன?

தம்பி சொன்னான், "பாத்தியோ அக்கா, நம்பரைப் பாத்தால் சண்டையே வராது."

அந்த இடத்தில்தான் எனக்குப் பிரச்சினை. நம்பர் பொய் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் தன்னிடம் கேட்டதை மட்டும்தான் அது சொல்லும். ஜூலி டோலனை எடுங்கள். 1979ல் நியூசிலாந்துக்கு எதிராக அவுஸ்திரேலியப் பெண்கள் அணி சிட்னியின் தெற்கே மிராண்டாவில் இறங்கியபோது அவதான் தலைவி, வயது 18. பெண்கள் அணியின் இலக்கம் 1 அவவுக்கு. ஆனால் பெண்களுக்கு முதல் உலகக் கோப்பை நடந்தது 1991ல். அதற்கு முன்னமே அவவின் ஆட்டக் காலம் முடிந்துவிட்டது. சாம் கேரின் கோல் கணக்கையும் டோலனின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஆர் பெரிசு?" என்று கேட்பது, பஸ்ஸில் போனவரையும் பஸ் ஓடாத காலத்தில் நடந்து போனவரையும் நேரம் பார்த்து ஒப்பிடுகிற மாதிரி. டோலனை எழுதினோம். தம்பி கொஞ்சம் முணுமுணுத்தான்.

அடுத்ததாக நான் சொன்ன பெயருக்குத்தான் வீடு இரண்டுபட்டது. ஜோன் மொரியார்ட்டி.

அப்பா போனை எடுத்துப் பார்த்தார். "பிள்ளை, இவர் அவுஸ்திரேலியாவுக்கு ஒரு மற்ச் கூட ஆடேல்லையே?"

ஓம், ஆடவில்லை. அதற்காகத்தான் சொன்னேன்.

மொரியார்ட்டி வட பிரதேசத்தில் பொரலூலா என்ற ஊரில் பிறந்தவர். நாலு வயதில் அரசாங்கம் அவரைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போனது. திருடப்பட்ட தலைமுறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதில் ஒருவர். அடிலெய்டில் சென்ட் பிரான்சிஸ் ஹவுஸ் என்ற விடுதியில் வளர்ந்தார். சார்லஸ் பேர்க்கின்ஸ் வளர்ந்ததும் அதே விடுதியில். இரண்டு பேரும் உதைபந்தாட்டத்துக்கு வந்தார்கள். இரண்டு பேரும் அடிலெய்ட் குரொஏஷியா கழகத்துக்கு ஆடினார்கள்.

அந்தக் கழகத்தின் பெயரைக் கவனியுங்கள். யுத்தத்துக்குப் பிறகு கப்பலில் வந்த குரொஏஷியர், கிரேக்கர், இத்தாலியர், ஹங்கேரியர் எல்லாரும் ஆளுக்கொரு கழகம் வைத்திருந்தார்கள். இங்கிலீஷ் சரியாகக் கதைக்கத் தெரியாத ஆட்கள். இந்த நாட்டின் ஆதிக்குடிப் பெடியன்களை "வா, வந்து ஆடு" என்று கூப்பிட்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடமும் விளையாட்டு விழாவும் நடத்துகிறார்கள். அந்த விழாக்களில் நாங்கள் யாரைக் கூப்பிடுகிறோம் என்று நான் சிலவேளை யோசிப்பதுண்டு. அது இன்னொரு நாளைக்கு.

தென் அவுஸ்திரேலிய மாநிலத்துக்காக வெளியூர் போய் ஆட மொரியார்ட்டி அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஆதிக்குடியினர் என்றால் அப்போது சட்டம் அப்படி. இவ்வளவையும் தாண்டி 1960ல் தேசிய அணிக்குத் தெரிவானார். அப்படித் தெரிவான முதல் ஆதிக்குடி வீரர் அவர். பிறகு நடந்தது என்ன? ஐரோப்பாவிலிருந்து வந்த ஆட்டக்காரர்களுக்கு மாற்றுக் கட்டணம் கொடுக்கவில்லை என்று ஃபிஃபா அவுஸ்திரேலியாவை வெளியே தள்ளிவிட்டது. பயணம் ரத்து. அவருடைய பெயருக்கு நேரே பூச்சியம். அதில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை.

பேர்க்கின்ஸின் கதை வேறு. 1957ல் எவர்ட்டனில் ஆடிப் பார்க்க இங்கிலாந்து போனார், பிறகு பிஷப் ஒக்லாண்டில் ஆடினார், திரும்பி வந்தார். சிட்னியில் பான் ஹெலெனிக் கழகத்துக்கு ஆடினார். அதுதான் இன்றைய சிட்னி ஒலிம்பிக், எங்களுக்குப் பக்கத்தில் பெல்மோரில் இருக்கிற கழகம். உதைபந்தில் கிடைத்த காசும் கூட்டித் துடைத்த வேலையில் கிடைத்த காசும் சேர்ந்துதான் அவரைச் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தது. 1965ல் மாணவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிராமப்புறங்களுக்குப் போய், மோரீ நீச்சல் குளத்தில் ஆதிக்குடிப் பிள்ளைகளை விடமாட்டோம் என்றவர்களோடு வாசலில் நின்று சண்டை பிடித்தவர். இந்த நாட்டின் உதைபந்தாட்ட ஹோல் ஒஃப் ஃபேமில் அவருடைய பெயர் இருக்கிறது. ஹரி வில்லியம்ஸ் என்ற ஆதிக்குடி வீரர் 1974 உலகக் கோப்பையில் சிலிக்கு எதிராக மாற்று வீரராக இறங்கியபோது, மொரியார்ட்டி தெரிவாகி 14 வருடங்கள் ஆகியிருந்தன.

அப்பா விடவில்லை. அவர் கேட்டது நல்ல கேள்வி. "அப்பிடிப் பாத்தால் உலகத்தில ஆடாத ஆக்கள் எல்லாரையும் போட வேணுமே? உன்ர மாமாவையும் போடுவியோ?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

மாமா மயிலிட்டி. ஊர் அணிக்கு முன்வரிசையில் ஆடினவர். 1990ல், அவருக்கு 19 வயது, மாவட்ட அணித் தெரிவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்தத் திகதி வருவதற்கு முன் ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கி ஊரே எழும்பி ஓடிவிட்டது. வீடு, துறைமுகம், மைதானம் எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டன. துறைமுகப் பக்கத்தைத் திரும்ப விட்டது 2017ல். அப்போது மாமாவுக்கு 46 வயது, ஒரு முழங்காலில் சத்திரசிகிச்சை, ஹோம்புஷில் வீட்டுக் கடன்.

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். மாமாதான் சொன்னார். "என்னைப் போடாதே பிள்ளை. எனக்கு வந்தது வந்து ஆடிக் காட்டு எண்ட கடிதம். அந்தாளுக்கு வந்தது நீ தெரிவு எண்ட கடிதம். ரெண்டும் ஒண்டில்லை."

எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. ஆடியிருப்பார் என்று நாங்கள் கற்பனை பண்ணுகிறவர்களுக்கு நான் இடம் கேட்கவில்லை. ஆடத் தகுதி என்று நிரூபித்த பிறகு, வேறு யாரோ கதவைச் சாத்தினதால் நின்றுபோனவர்களுக்குத்தான் கேட்கிறேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மலேசிய அன்ரி உடனே, "அப்படின்னா எங்க ஆறுமுகத்த என்ன செய்வீங்க?" என்றா. ஆர். ஆறுமுகம், மலேசியாவின் கோல் காப்பாளர், நீளக் கைகள் உள்ளதால் ஸ்பைடர்மேன் என்று பட்டம். 1980ல் தென் கொரியாவை 2-1 என்று வென்று மொஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணி அது. ஆப்கானிஸ்தான் விஷயத்தில் மலேசிய அரசு ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தது. அணி போகவில்லை. 1988ல் ஆறுமுகம் வாகன விபத்தில் போய்விட்டார். அவர் அவுஸ்திரேலியர் இல்லை என்பதால் எங்கள் பில்லில் ஏறவில்லை. ஆனால் அன்ரி சொன்ன பிறகு அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். மொரியார்ட்டியை எழுதினோம். பேர்க்கின்ஸும் வில்லியம்ஸும் பிறகு சுலபமாக ஏறினார்கள். பக்கத்து ரக்பி லீக்குக்காக அண்ணா கேட்ட இரண்டு பெயரை நான் எதிர்க்கவில்லை. எனக்கு லீக் தெரியாது.

பதினொராவது பெயரை நான் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் மாறிவிட்டது. அடம் கூட்ஸ்.

சிட்னி ஸ்வான்ஸுக்கு 372 ஆட்டங்கள். பிறவுன்லோ மெடல் இரண்டு தரம், 2003, 2006. கிண்ணம் இரண்டு தரம், 2005, 2012. நம்பர் பார்க்கிற தம்பிக்கும் போதும். 2013ல் ஒரு ஆட்டத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று அவரைக் குரங்கு என்று கத்த, அவர் அந்தப் பக்கம் கை காட்டினார். அடுத்த நாள், அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகும் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் கூட்டம் கூச்சல் போட்டது. 2015ல் அது உச்சத்துக்குப் போனது. அந்த வருடத்தோடு ஓய்வு பெற்றார்.

2015ல் எனக்குப் பன்னிரண்டு வயது. இதே மாமா வீட்டு ரிவிக்கு முன்னால் இருந்து, மச்சான் ஆட்களோடு சேர்ந்து நானும் "பூ..." என்று கத்தினேன். ஏன் கத்துகிறோம் என்று ஒருவரையும் கேட்கவில்லை. எல்லாரும் கத்தினார்கள், பகிடியாக இருந்தது. அதே வருடம்தான் பள்ளிக்கூட பஸ்ஸில் என் மத்தியானச் சாப்பாட்டை மணந்துவிட்டு ஒருவன் மூக்கைப் பொத்த, பஸ் முழுக்கச் சிரித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருடம் எடுத்தது.

2019ல் ஏஎஃப்எல் மன்னிப்புக் கேட்டது. 2021ல் ஹோல் ஒஃப் ஃபேமுக்கு வரச் சொன்னது. கூட்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவரைப் போட வேண்டும் என்று நான் ஒரு மணித்தியாலம் வாதாடினேன். அம்மா அதுவரை ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போகும்போது, "அந்தப் பிள்ளை வேண்டாம் எண்டு சொன்னதுக்குப் பிறகு நீங்கள் ஆர் போடுறதுக்கு?" என்றா.

அம்மா சொன்னது சரி. அவரைப் போட்டால் எனக்குத்தான் மனம் லேசாகும், அவருக்கு இல்லை. நானே பேனையை வாங்கி வெட்டினேன்.

இப்போது பில்லில் பத்துப் பெயர்தான். தம்பி அந்த இடத்துக்கு நிஷான் வேலுப்பிள்ளையைக் கேட்கிறான். மெல்பேர்ன் விக்டரி ஆட்டக்காரர், 2024 ஒக்டோபரில் சீனாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தவர். அவுஸ்திரேலிய மேற்சட்டையின் முதுகில் அந்தப் பெயரைப் பார்த்தபோது நானும் கதிரையில் ஏறி நின்றேன், மறைக்கவில்லை. ஆனால் எங்கள் பெயர் என்பதற்காகப் போடுவது நியாயமில்லை. அவர் இன்னும் நிறைய ஆட வேண்டும், ஆடுவார். தம்பி பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான். நான் இன்னும் சம்மதிக்கவில்லை.