கால் ஃபார்வேர்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ஆபீஸ் போன்ல கால் ஃபார்வேர்ட் போடறது எப்படின்னு தேடி வந்தவங்களை ஏமாத்த வேணாம், அதை முதல்லயே சொல்லிடறேன். மேஜை மேல சிஸ்கோ போன் இருந்தா, திரைக்குக் கீழ வர்ற பட்டன்கள்ல 'ஃபார்வேர்ட் ஆல்'னு ஒண்ணு இருக்கும். அதை அமுக்கி நம்பரைப் போடுங்க. எடுக்கணும்னா திரும்ப அதே பட்டன். ஃப்ரீபிபிஎக்ஸ் மாதிரி ஆஸ்டெரிஸ்க் வகையறாவா? யாரும் கோடை மாத்தாம விட்டிருந்தா *72 அடிச்சு நம்பர், எடுக்க *73. வெளி நம்பர்னா முன்னாடி 0 வா 9 ஆன்னு உங்க ஆபீஸ் வழக்கத்தைப் பார்த்துக்கோங்க. மேட்டர் ஓவர். இனிமே வர்றதெல்லாம் புலம்பல், நேரம் இருந்தா படிங்க.

நான் பொழப்புக்கு ஆணி புடுங்கறது இந்த ஆபீஸ் டெலிபோன் சாஃப்ட்வேர்லதான். வாரத்துக்கு ரெண்டு பேராவது கேட்பாங்க: "பாஸ், இந்த நம்பரை அவன் மொபைலுக்குத் தட்டி விட்ருங்க." கவனிங்க, "என் மொபைலுக்கு" இல்ல, "அவன் மொபைலுக்கு". கேட்கிறவர் ஒருத்தர், ராத்திரி எழுந்து எடுக்கப்போறவர் வேற ஒருத்தர். அந்த 'அவனை' யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. கேட்டிருந்தாலும் டீம்லயே புதுசா சேர்ந்தவர், வேணாம்னா சொல்லப்போறார்?

என் கருத்து இதுதான். ஆபீஸ் நம்பரை இன்னொரு மேஜைக்குத் திருப்பலாம், நாலு பேர் இருக்கற ஒரு குரூப்புக்குத் திருப்பலாம், "இப்ப யாரும் இல்லை"ன்னு பதிவு பண்ணின குரலுக்குத் திருப்பலாம். ஆனா ஒருத்தரோட சொந்த மொபைலுக்கு, அவரை ஒழுங்கா கேட்காம, முடியற தேதி போடாம திருப்பக் கூடாது. ரெண்டு நிமிஷ வேலைன்னு நாம நினைக்கிறது உண்மையில இன்னொருத்தரோட டைம்டேபிளை மாத்தறது. லீவ் லெட்டருக்கே நாலு பேர் அப்ரூவல் கேட்கிற ஆபீஸ்ல, இதுக்கு மட்டும் ஒரு கையெழுத்தும் கிடையாது.

ஃபார்வேர்ட்ல மூணு வகை. எல்லாத்தையும் திருப்பறது, பிஸியா இருந்தா மட்டும் திருப்பறது, எடுக்கலைன்னா திருப்பறது. நம்ம ஜனங்க முதல் வகையைத் தாண்டிப் போறதே இல்லை. அது ஒண்ணுக்குத்தான் போன்லயே பட்டன் இருக்கு, மத்த ரெண்டுக்கும் பெரும்பாலும் அட்மின்கிட்ட போகணும், அதான் காரணம். ஆனா உண்மையில உபயோகமானது மூணாவது. சிஸ்கோ சர்வர்ல அதுக்கு வெச்சிருக்கற டீஃபால்ட் 12 விநாடி. நம்மூர் ரிங், ட்ரிங்-ட்ரிங்னு அடிச்சு கொஞ்சம் ஓய்ஞ்சு மறுபடி ஆரம்பிக்க 3 விநாடி, அப்ப நாலு தடவை அடிக்கும். பாத்ரூம் போயிட்டு ஓடி வர்றவருக்குப் பத்தாது. 20, 25 ஆக்கி வெச்சா பாதிப் பிரச்சினை அங்கேயே முடிஞ்சிடும்.

எல்லாத்தையும் மொபைலுக்குத் திருப்பினா ஆபீஸுக்கும் நஷ்டம்தான், இது நிறைய பேருக்குத் தெரியறதில்லை. வெளியில இருந்து உள்ள வர்ற கால் ஒரு லைனைப் பிடிக்குது. அதை வெளியில இருக்கற மொபைலுக்குத் தள்ளினா இன்னொரு லைன். பேசி முடிக்கற வரைக்கும் ரெண்டும் பிஸி. பி.ஆர்.ஐ. லைன் ஒண்ணுல 30 பேச்சுத் தடம் இருக்கும். பதினஞ்சு பேர் ஃபார்வேர்ட்ல பேசிட்டிருந்தா முப்பதும் காலி, பதினாறாவது ஆளுக்கு எங்கேஜ்டு டோன். அப்புறம் "லைன் சரியில்லை"ன்னு டெலிபோன் கம்பெனியைத் திட்டுவாங்க.

சரி, எனக்கு ஏன் இவ்ளோ கோபம்னு சொல்லணும்.

நான் முதல்ல வேலை பார்த்த கம்பெனியில (பேர் வேணாம்) கஸ்டமர் சப்போர்ட்டுக்குன்னு ஒரு நம்பர் உண்டு. ஷிஃப்ட் போட்டு அந்த மேஜையில உட்காருவாங்க. 2020 மார்ச்ல லாக்டவுன் வந்து ஆபீஸைப் பூட்டினப்போ அந்த நம்பரை எங்க போடறதுன்னு கேள்வி. என் பேட்ச்மேட் ஒருத்தி அந்த டீம்ல கடைக்குட்டி. "உங்க ஏரியால சிக்னல் நல்லா இருக்குல்ல, ரெண்டு வாரம்தான்மா"ன்னு அவங்க டேமேஜர் அவ மொபைலுக்குத் திருப்பச் சொல்லிட்டார்.

ரெண்டு வாரம் எவ்ளோ நீளம்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அமெரிக்காக்காரனுக்குப் பகல்னா நமக்கு ராத்திரி. தலகாணிக்குப் பக்கத்துல போனை வெச்சுக்கிட்டுத் தூங்குவா. அவங்கம்மா எடுத்து "அவ தூங்கறாப்பா"ன்னு தமிழ்லயே சொல்லி வெச்ச கதையெல்லாம் உண்டு. பழக்க தோஷத்துல, பொண்ணு பார்த்துட்டுப் போன மாப்பிள்ளையோட அம்மா கூப்பிட்டப்பவும் "குட் மார்னிங், சப்போர்ட்"னு எடுத்திருக்கா. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். ஆனா சிரிக்கற விஷயம் இல்லை.

2021ல அவ வேற வேலை கிடைச்சுக் கிளம்பிட்டா. லேப்டாப் வாங்கிக்கிட்டாங்க, ஐடி கார்டு வாங்கிக்கிட்டாங்க, ஃபார்வேர்டை மட்டும் யாரும் எடுக்கலை. கால் வந்துக்கிட்டே இருந்தது. பிளாக் பண்ண வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. சில சிஸ்டத்துல ஃபார்வேர்டா வர்ற கால் எல்லாத்துக்கும் ஆபீஸ் நம்பரே தெரியும், அதை பிளாக் பண்ணிட்டுப் போயிடலாம். இவளுக்குக் கூப்பிடறவங்க நம்பர்தான் தெரிஞ்சது. ஒவ்வொண்ணும் வேற வேற. புது வேலை, கல்யாணப் பேச்சு எல்லாம் ஓடிட்டிருக்கறப்போ தெரியாத நம்பரை எடுக்காமலும் இருக்க முடியாது.

ஹெச்.ஆர்.க்கு மெயில் போட்டா. "ஐ.டி. டீமுக்கு டிக்கெட் போடுங்க"ன்னு பதில். டிக்கெட் போடணும்னா கம்பெனி லாகின் வேணும், லாகினைத்தான் கடைசி நாளே மூடிட்டாங்களே! "ஏன்டா, நீ அங்கதானே இருக்க, நீயாவது சொல்லேன்டா"ன்னு எனக்குப் போன் பண்ணினா. நான் டிக்கெட் போட்டேன். "அந்த நம்பரில் ஃபார்வேர்ட் எதுவும் இல்லை"ன்னு மூடிட்டாங்க. அவங்க சொன்னது உண்மைதான். சப்போர்ட் நம்பர்ல ஃபார்வேர்ட் இல்லை. சப்போர்ட் நம்பர் போய் அடிக்கிற எக்ஸ்டென்ஷன், அதுல இருந்து யாருமே உட்காராத இன்னொரு மேஜை, அந்த மேஜையிலதான் ஃபார்வேர்ட். கடைசியா அட்மின் அண்ணனை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போய், கெஞ்சி, உட்கார வெச்சுத் தேடினோம். கண்டுபிடிக்க அரை மணி நேரம், எடுக்கப் பத்து விநாடி.

அதுக்குள்ள அவ வேலையை விட்டு நாலு மாசம் ஆயிருந்தது. அந்த நாலு மாசமும் கம்பெனியோட சப்போர்ட் நம்பரைக் கவனிச்சது வேலையை விட்டுப் போன ஒருத்தி! கூப்பிட்டவங்ககிட்ட எரிஞ்சு விழாம, மெயில் ஐடி சொல்லி அனுப்பிக்கிட்டிருந்திருக்கா. கம்பெனியில ஒருத்தருக்கும் தெரியலை. தேங்க்ஸ்னு ஒரு மெயில்? மூச்.

இதுல டெக்னாலஜி மேல பழி போட முடியாதுங்கறதுதான் கூத்து. இப்ப ஆபீஸ் போன்கள் பெரும்பாலும் எஸ்.ஐ.பி.ங்கற நெறிமுறையில ஓடுது (மாசாமாசம் பேங்க்ல பிடிப்பாங்களே, அந்த எஸ்.ஐ.பி. இல்லை சாமி). 2002ல வந்த ஆர்.எஃப்.சி. 3261தான் அதுக்கு அடிப்படை. வெப் பக்கம் வேலை பார்க்கறவங்களுக்கு 301, 302 தெரிஞ்சிருக்கும், இங்கேயும் அதே கதைதான். 301னா ஆள் நிரந்தரமா இடம் மாறிட்டார், 302னா தற்காலிகமா மாறியிருக்கார். ஃபார்வேர்ட் போட்ட போன் தானே பதில் சொல்லும்போது பொதுவா அனுப்பறது 302. அதோட எவ்ளோ நேரத்துக்கு இந்த முகவரி செல்லும்னும் சொல்லலாம். சொல்லலைன்னா இந்த ஒரு காலுக்கு மட்டும்தான், ஞாபகம் வெச்சுக்கக் கூடாதுன்னு கறாரா எழுதி வெச்சிருக்காங்க. கால் சுத்திச் சுத்தி அலையாம இருக்க 70ன்னு ஒரு எண்ணிக்கையோட கிளம்பி, ஒவ்வொரு தாவலுக்கும் ஒண்ணு குறையணும், பூஜ்யம் ஆனா நிறுத்திடணும்னும் இருக்கு. மெஷின் அலையக் கூடாதுன்னு இவ்ளோ யோசிச்சிருக்காங்க. ஆனா நான் பார்த்த ஆபீஸ் சிஸ்டங்கள்ல ஃபார்வேர்ட் போடற திரையில நம்பருக்கு ஒரு கட்டம் இருக்கும், 'எந்தத் தேதி வரைக்கும்'னு ஒரு கட்டம் இருக்காது. 'தற்காலிகம்'ங்கற வார்த்தை நெறிமுறையில இருக்கு, திரையில இல்லை.

கால் எங்க போகுதுன்னு கூப்பிடறவனுக்குத் தெரியாதுங்கறது இன்னிக்கு நேத்து விஷயமும் இல்லை. அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டியில ஸ்ட்ரோஜர்னு ஒருத்தர், சவ அடக்கத்துக்கு ஏற்பாடு பண்ற கடை வெச்சிருந்தார். எக்ஸ்சேஞ்ச்ல உட்கார்ந்திருந்த பெண்மணி, இவருக்கு வர்ற கால்களைத் தொழில் போட்டியாளரான தன் வீட்டுக்காரருக்கே தள்ளி விட்டாங்க, அந்தக் கடுப்புலதான் இவர் ஆபரேட்டரே வேணாத ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடிச்சார்னு ஒரு கதை சொல்வாங்க. கதை எப்படியோ, 1891ல பேட்டண்ட் வாங்கினது நிஜம். ஆபரேட்டர் காலம் போயாச்சு, அந்த நாற்காலியில இப்ப நாங்க அட்மின், இஞ்சினியர்னு உட்கார்ந்திருக்கோம். யார் காலை யார் தலையில கட்டறதுன்னு முடிவு பண்ற அதிகாரம் அப்படியே இருக்கு.

"அதான் இன்கமிங் ஃப்ரீயாச்சே, அவனுக்கு என்ன நஷ்டம்?"னு ஒரு பெரியவர் என்கிட்ட கேட்டார். 2003 வரைக்கும் நம்ம நாட்டுல மொபைலுக்கு வர்ற காலுக்கும் காசு பிடிச்சாங்க. அப்பவா இருந்தா பில்லை யார் கட்டறதுங்கற கேள்வி தானா வந்திருக்கும். இப்ப பில் வராததால தூக்கத்துக்கும் விலை இல்லைன்னு ஆயிடுச்சு.

சொந்தக் கம்பெனி நடத்தறவர், கிளினிக் வெச்சிருக்கற டாக்டர், ரெண்டு பேர் சேர்ந்து நடத்தற கடை, இவங்க தங்களோட நம்பரைத் தங்களோட மொபைலுக்குத் திருப்பிக்கறதை நான் சொல்லலை. அவங்க கடை, அவங்க தூக்கம். வேலைன்னு வந்தா ராத்திரி கால் எடுக்கத்தான் வேணும்ங்கறதையும் ஒத்துக்கறேன். சர்வர் படுத்தா யாராவது எழுந்துதானே ஆகணும். அப்படின்னா அதை வேலையாவே நடத்துங்க. யார் முறை, எந்த வாரம், அதுக்கு என்ன படி, மறுநாள் லேட்டா வரலாமான்னு எழுதி வெக்கலாமே.

ஃபிரான்ஸ்ல 2017 ஜனவரியில இருந்து, 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற கம்பெனி வேலை நேரம் முடிஞ்சா தொடர்பைத் துண்டிச்சுக்கற உரிமையைப் பத்தி ஊழியர்களோட பேசியாகணும். ஆஸ்திரேலியாவுல 2024 ஆகஸ்ட்ல சட்டம் வந்தது. நம்ம லோக்சபாவுலயும் 2018 கடைசியில சுப்ரியா சுலே தனிநபர் மசோதா கொண்டு வந்தாங்க. தனிநபர் மசோதாக்களோட கதி தெரிஞ்சதுதானே. சட்டம் வர்றப்ப வரட்டும், அட்மின் திரையில மாத்தறதுக்கு பார்லிமென்ட் வேணாம்.

நான் இப்ப யார் கேட்டாலும் சொல்ற வழி ரொம்ப சாதாரணம். பகல்ல 20 விநாடி எடுக்கலைன்னா நாலு பேர் குரூப்புக்குப் போகட்டும். ராத்திரிக்கு டைம் கண்டிஷன் போட்டுப் பதிவு பண்ணின குரல், அதுல மெயில் ஐடி. நிஜமாவே ராத்திரி ஆள் வேணும்னா கம்பெனி காசுல ஒரு சிம், ஒரு சாதா மொபைல். முறை யாருதோ அவர் கையில போன் இருக்கும், முறை முடிஞ்சா அடுத்தவர் கைக்கு மாறிடும். நம்பர் மாறாது, ஆள் மாறுவார். வேலையை விட்டுப் போறவர் போனை மேஜை மேல வெச்சுட்டுப் போயிடலாம். இதுக்கு ஆகற செலவு, மீட்டிங்ல வர்ற சமோசா செலவைவிடக் கம்மி.

அட்மின் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாசம் ஒரு தடவை, ஃபார்வேர்ட் போட்டிருக்கற எக்ஸ்டென்ஷன் லிஸ்டை எடுத்து, இப்ப வேலையில இருக்கறவங்க லிஸ்டோட ஒப்பிட்டுப் பாருங்க. ஃப்ரீபிபிஎக்ஸ்னா ஆஸ்டெரிஸ்க் கன்சோல்ல 'டேட்டாபேஸ் ஷோ சிஎஃப்'னு அடிச்சா *72ல போட்டதெல்லாம் வரிசையா வந்து நிக்கும். பத்து இலக்க நம்பர் எதைப் பார்த்தாலும் அந்த ஆளைக் கூப்பிட்டு "இது உங்களுக்குத் தெரியுமா?"ன்னு மட்டும் கேளுங்க.

டிஸ்கி 1: என் இப்போதைய டேமேஜர் நல்லவர். அவருக்குத் தமிழும் படிக்கத் தெரியும்.

டிஸ்கி 2: உங்க சொந்த மொபைல் வேற எங்கயாவது ஃபார்வேர்ட் ஆகுதான்னு பார்க்க *#21# அடிச்சுப் பாருங்க. எல்லா ஃபார்வேர்டையும் எடுக்க ##002#. "டெலிபோன் கம்பெனியில இருந்து பேசறோம், *401# அடிச்சு இந்த நம்பரைப் போடுங்க"ன்னு சொல்லி, காலைத் தங்கள் பக்கம் திருப்பி ஓ.டி.பி. திருடற கும்பல் கிளம்பினதால, 2024 ஏப்ரல் 15ல இருந்து அந்த வழியை நிறுத்தி வைக்கச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. 21* மாதிரி வேற கோடு சொல்லி அடிக்கச் சொன்னாலும் அடிக்காதீங்க, வீட்டுல பெரியவங்ககிட்டயும் சொல்லி வைங்க.