கடல் தெரிகிற அறை

குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிறவர்கள் ஹோட்டலில் கேட்கும் முதல் கேள்வி: "அறையிலிருந்து கடல் தெரியுமா?" தெரியும். அதற்குத் தனியாகக் காசும் வாங்குவார்கள். ஆனால் பூரி மாதிரி ஓர் ஊருக்குப் போய் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது, கல்யாண வீட்டில் பன்னீரை மட்டும் தெளித்துக்கொண்டு வருகிற கதை.

பூரிக்கு ரயில் வந்தது 1897-ல். அதன்பிறகு ஜகந்நாதரைப் பார்க்க வந்த பக்தர்களோடு, காற்று வாங்க கல்கத்தா குடும்பங்களும் வந்து இறங்கின. பெங்கால் நாக்பூர் ரயில்வே அங்கே சொந்தமாகவே ஹோட்டல் நடத்தியது. கோயில் ஊரும் உல்லாச ஊரும் அன்று தொட்டு ஒன்றாகவே இருந்து வந்தன.

இன்றைய ரிசார்ட்டுகள் நடுவில் மதில் எழுப்பிவிட்டன. நாங்கள் தங்கிய ஒன்றில், கடற்கரைக்குப் போகும் கேட்டை மாலை ஆறு மணிக்கே பூட்டினார்கள். காலையில் போய்க் கேட்டால், "கடல் ஆபத்து சார், குழந்தைகளுக்கு நீச்சல் குளம் இருக்கிறதே" என்று பதில். ஊர் என்பது அவர்களுடைய விலைப்பட்டியலில் கடைசி வரி: அரை நாள், கார் வாடகை தனி.

கடல் ஆபத்து என்பது பொய்யில்லை. பூரியில் அலை கரையருகே வந்து உடைந்து, திரும்பும்போது காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும். உயிர்ப்பலிகளும் உண்டு. அதற்கு ஊரே ஒரு வழி வைத்திருக்கிறது. நோலியாக்கள் என்று பெயர். ஆந்திரக் கரையிலிருந்து வந்து குடியேறிய, தெலுங்கு பேசும் மீனவர்கள். கூம்புத் தொப்பி அவர்களுடைய அடையாளம். குளிப்பவரின் கையைப் பிடித்து அலைக்குள் அழைத்துப் போய், பத்திரமாகக் கரை சேர்ப்பது பரம்பரைத் தொழில். எந்த அலைக்குக் குதிப்பது, எந்த அலைக்குக் குனிவது என்று குழந்தைக்கு அவர்கள் கற்றுத்தருவதை நீச்சல் குளம் தராது. எல்லோரும் மதிலுக்குள்ளேயே இருந்துவிட்டால் அடிபடுவது இவர்கள் பிழைப்புதான்.

கோயிலுக்கும் அரை நாள் போதாது. 12-ம் நூற்றாண்டில் இதைக் கட்டத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கன், சோழ இளவரசியின் மகன். பெயரிலேயே தாய்வழி தெரிகிறது. மண்சட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி விறகில் சமைத்த மகாபிரசாதம், வளாகத்துக்குள் ஆனந்த பஜாரில் கிடைக்கும். சாதி பார்க்காமல் சேர்ந்து உண்பது மரபு. அதே வாசலில் இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. "ஏன்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அவர்களை அழைத்துப் போகலாம்.

சுமார் 35 கி.மீ. தள்ளி கோனார்க். 13-ம் நூற்றாண்டுச் சூரியன் கோயில். 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. எஞ்சிய மண்டபம் சரியாமலிருக்க, 1903 வாக்கில் உள்ளே மணலை நிரப்பி வாசலை அடைத்தார்கள். கார் டிரைவர் அவசரப்படுத்தினால் சக்கரங்களை மட்டும் பார்த்துவிட்டு ஏறவேண்டியதுதான்.

ரிசார்ட் வேண்டாம் என்பதல்ல வாதம். நல்ல படுக்கை, சுத்தமான குளியலறை, வயதான அம்மாவுக்கு மாடி ஏறாமல் ஓர் அறை எல்லாம் தேவைதான். முன்பதிவு செய்யும்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள்: "கடலுக்குப் போக வழி திறந்திருக்குமா? நடந்தே கோயில் தெருவுக்குப் போகலாமா?" பதிலைப் பொறுத்து அறையைத் தேர்ந்தெடுங்கள்.